நான்தான் என்று யார் சொல்ல வேண்டும்?

"ஓடிபி வந்துச்சா?"

இன்று ஒரு பெண்ணிடம் அரசும் வங்கியும் எரிவாயு முகவரும் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. இ-சேவை மையத்தில் கேட்கிறார்கள். அங்கன்வாடி வாசலில் கேட்கிறார்கள். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றபடியே கேட்கிறார்கள். நாகூரில் இதற்குப் பெண்கள் சொல்லும் பதிலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். "மச்சானுக்குப் போயிருக்கும். அங்கே இப்போ வேலை நேரம்."

இந்தப் பதிலில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. கேட்டவர் சலித்துக்கொள்கிறார். சொன்னவர் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். எனக்கு அதிர்ச்சியாக இருப்பதே இதுதான். தன் பெயர், தன் விரல், தன் முகம் எல்லாவற்றோடும் நேரில் வந்து நிற்கும் ஒரு பெண், தான்தான் அந்தப் பெண் என்பதை இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆண் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் அமைப்புகள் ஆளைச் சரிபார்க்கும் முறைகளுக்கு ஆண் பெண் பேதமில்லை என்கிறார்கள். நடைமுறையில் அவை பெண்ணின் வாக்கை அவளிடமிருந்து எடுத்து, கைபேசி எண்ணை வைத்திருப்பவரிடம் கொடுக்கின்றன. காப்பாளர் என்ற சொல்லோடு பல தலைமுறைகளாகச் சண்டை போட்டு வந்திருக்கிறோம். அது இப்போது ஆறு இலக்கமாக வந்து நிற்கிறது.

முறைகளைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதிரியின் இலக்கணம் தெரியாமல் வழக்காட முடியாது.

ஓர் அமைப்பு "நீ யார்?" என்று கேட்டு நம்புவதற்கு மூன்று வகைச் சான்றுகளைக் கணினிப் பாடநூல்கள் சொல்கின்றன. உனக்கு மட்டும் தெரிந்த ஒன்று: கடவுச்சொல், பின் எண், பாதுகாப்புக் கேள்விக்கான பதில். உன்னிடம் மட்டும் இருக்கும் ஒன்று: அட்டை, கைபேசி. நீயாகவே இருக்கும் ஒன்று: விரல்ரேகை, கருவிழி, முகம். இவற்றில் இரண்டைச் சேர்த்துக் கேட்டால் பாதுகாப்பு கூடும் என்பது கொள்கை. தர்க்கம் சரிதான். ஆனால் இந்த மூன்றும் ஒரே ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தனக்கென்று ஒரு கைபேசி வைத்திருப்பவர், விரல் தேயாத வேலை செய்பவர், பிறந்ததிலிருந்து ஒரே பெயரில் இருப்பவர். அந்த ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கைபேசியிலிருந்து தொடங்குவோம்.

நாகூர் கடல் வழியாக வாழ்ந்த ஊர். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் கட்டிமுடிக்கப்பட்ட நாகூர் தர்காவும், பினாங்கில் இருக்கும் நாகூர் தர்காவும், இங்குள்ளவர்கள் எத்தனை காலமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. அந்தப் போக்குக்கு இங்கே சபர் என்று பெயர். மலாயாவும் சிங்கப்பூரும் இருந்த இடத்தில் துபாயும் ரியாத்தும் குவைத்தும் வந்தன. சபர் நிற்கவில்லை. ஆண்கள் இல்லாத ஆண்டுகளில் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள், நோயாளியை நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கடனுக்கு வாங்கிக் கடனை அடைத்தவர்கள் அவர்கள்தான். பல குடும்பங்களில் வீடே பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படும்; மாப்பிள்ளை வந்து தங்குவார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஆதார் பதிவு நடந்தது. ஆதாரின் முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டது. பெண்ணை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துத் தொடங்கிய திட்டம் அது. ஆனால் படிவத்தில் கைபேசி எண் என்ற கட்டம் வந்தபோது வீட்டில் இருந்த ஒரே எண்ணை எல்லாரும் எழுதினார்கள். ஒரே எண்ணில் குடும்பத்தின் அத்தனை பேரையும் இணைக்க விதியில் தடையில்லை. அன்று அது வெறும் கட்டம். பிறகுதான் அந்தக் கட்டத்துக்கு அதிகாரம் வந்தது. வங்கி, எரிவாயு மானியம், ஓய்வூதியம், உதவித்தொகை என ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தேடிப் போகத் தொடங்கின.

எனக்குத் தெரிந்த ஒரு லாத்தாவின் ஆதாரில் இருப்பது அவருடைய கணவரின் பழைய இந்திய எண். அவர் வளைகுடாவில் கட்டுமான வேலையில் இருக்கிறார். அந்த சிம் அங்கே ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. ரீசார்ஜ் செய்தால்தான் உயிர் வரும். ஆதார் ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் சாரத்திலிருந்து இறங்கி, பெட்டியைத் திறந்து, சிம்மைப் போட்டு, எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். லாத்தா நான்கு முறை போய்வந்தார். கணவர் நல்லவர். மறுக்கவில்லை. அவருக்கும் இது தொல்லைதான்.

நல்லவராக இல்லாவிட்டால்? எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி. தந்தை வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். மகளின் ஆதார் எண் இன்னும் அவருடைய கைபேசியில் கட்டப்பட்டிருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட வேண்டும். "எதுக்கு?" என்று கேட்பார். "படிச்சு என்ன செய்யப்போறே?" என்று கேட்பார். கெஞ்சிய பிறகு ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை கைபேசியை அணைத்துவிட்டார். அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டுப் போன தந்தை, எண்ணை விட்டுப் போகவில்லை. அமைப்பின் கணக்கில் இங்கே எந்தக் கோளாறும் இல்லை. "தவறான ஓடிபி" என்று திரையில் வந்தது, அவ்வளவுதான்.

வங்கியும் காவல்துறையும் ஆதார் ஆணையமும் நாள்தோறும் நமக்கு ஒரு புத்தி சொல்கின்றன: ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள். சரி. ஆனால் இந்தப் பெண்களின் ஓடிபி பிறக்கும்போதே இன்னொருவர் கையில் பிறக்கிறது. பகிராதே என்ற பாதுகாப்பு விதி அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் பகிர்ந்து தரச் சொல்லிக் கேட்பவர்கள்.

சட்டம் வேறு ஒன்றைச் சொல்கிறது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ரேஷன் அட்டைக்கு வீட்டின் தலைவர் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே என்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், குடும்ப அட்டையில் ஆண் தலைவராக இருந்தாலும் அவருடைய மனைவியைக் குடும்பத் தலைவியாகக் கொள்ளும் என்றது. உரிமைத் தொகை என்ற பெயரையே நான் மதிக்கிறேன்; உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னார்கள். ஆனால் அதே திட்டத்தின் பதிவு முகாம்களில், விரல்ரேகை சரியாக அமையாவிட்டால் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி போகும் என்றும், ஆகவே கைபேசியைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்கள். தலைவி அவள், கைபேசி அவருடையது. சட்டம் ஒரு கையால் கொடுத்த தலைமையை இயந்திரம் மறுகையால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

2025 ஜூலை 1 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக்கு முகப்பதிவைக் கட்டாயமாக்கியது ஒன்றிய அரசு. முதலில் ஆதார்ச் சரிபார்ப்பு; அதற்கு ஓடிபி. பிறகு முகப்படம். அங்கன்வாடி ஊழியர்கள் நாட்டின் பல பகுதிகளில் இதை எதிர்த்தார்கள். காரணம் எளிது. கணவன் வேலைக்குப் போகும்போது கைபேசியும் அவனோடு போய்விடுகிறது. வயிற்றில் பிள்ளையோடு வந்து நிற்பவளை எட்டு மாதமாகத் தினமும் பார்க்கும் ஊழியர், "எனக்கு இவளைத் தெரியும்" என்று சொன்னால் செல்லாது. தெரியும் என்று செயலி சொல்ல வேண்டும். அந்த ஊழியரும் பெண்தான். சிக்னல் இல்லாத ஆத்திரமும் சர்வர் இல்லாத ஆத்திரமும் அவர் தலையில்தான் விழுகின்றன.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21), இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம் என்றது. தமிழ்நாட்டில் நிலைமை மேல். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர். மிச்சமுள்ள கால்வாசி யார் என்று யோசியுங்கள். முதியவர்கள், கைம்பெண்கள், கூலிப் பெண்கள். அரசின் அரிசியும் ஓய்வூதியமும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்.

"கைபேசி இல்லாவிட்டால் என்ன, விரல் இருக்கிறதே" என்பார்கள். விரலுக்கு வருவோம்.

நாகூரைச் சுற்றி வயல், கிழக்கே கடல். சேற்றில் நாற்று முடி பிரித்து நட்ட விரல், களை பறித்த விரல், வெட்டாறு கடலில் சேரும் பகுதியில் பட்டினச்சேரியின் உப்பிலும் பனிக்கட்டியிலும் மீன் கழுவிய விரல், சாம்பலும் சோப்பும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். இந்த விரல்களில் ரேகை விழுவதில்லை. "ரேகை விழல" என்றுதான் இங்கே சொல்வார்கள், ஏதோ அவள் விழவைக்கவில்லை என்பதுபோல. துடைத்துவிட்டு வை, எண்ணெய் தடவு, வேற விரல் வை, நாளைக்கு வா. உழைத்ததற்கான சான்று அந்தத் தேய்மானம். அதையே அவள் யாரென்று தெரியவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது இயந்திரம்.

இயந்திரம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது விரலைப் பார்த்து "இவள்தான்" என்று சொல்வதில்லை. ரேகைகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் புள்ளிகளாகக் குறித்து, பதிவில் உள்ள புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் வந்தால் ஆம். கீழே வந்தால் இல்லை. எல்லையை உயர்த்தினால் போலி ஆள் நுழைவது குறையும். உண்மையான ஆள் வெளியே தள்ளப்படுவது கூடும். தாழ்த்தினால் மறுபுறம். இரண்டு தவறுகளில் எந்தத் தவறைச் செய்யலாம் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். இது அரசியல் முடிவு. அந்த அறையில் நடவுப் பெண்கள் இல்லை.

எண்கள் அரசிடமிருந்தே வந்தவை. 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றாள் தாய். நோயால் இறந்தாள் என்றது அரசு. தன் மகள் எதனால் இறந்தாள் என்று சொல்லும் இடத்திலும் ஒரு தாயின் சொல் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. சரிபார்ப்புத் தோல்வியால் உரியவருக்கு மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் அந்த அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார்ச் சட்டத்தை 4-1 என்ற கணக்கில் பெரிதும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பிலும் இந்தக் கவலை பதிவாகியிருக்கிறது. மாறுபட்டு எழுதிய நீதிபதி சந்திரசூட் அதைத் தன் வாதத்தின் மையத்திலேயே வைத்தார். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்குமானது என்பதால் நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் மறுக்கக் கூடாது என்ற உத்தரவு ஆணையிலும், "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்ற சொல் கடையிலும் இருக்கின்றன. நாளைக்கு வருவதற்கு அவள் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இதை மறுப்பு என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

முகம் இன்னும் நுட்பமானதாம். 2018இல் ஜாய் புவோலாம்வினி, டிம்நிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. யாருடைய முகங்களை வைத்துப் பழக்கினார்களோ அவர்களுடைய முகத்தை இயந்திரம் அறிந்துகொள்கிறது. நம் வயல்வெளிகளின் முகங்களை அது எங்கே படித்தது?

விரலுக்குத் தமிழில் ஒரு வரலாறு இருக்கிறது. கைநாட்டு என்பது வசைச்சொல். கல்வி மறுக்கப்பட்டவரை, கல்வி மறுக்கப்பட்டதற்காகவே இழிவுபடுத்தும் சொல். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதிவைத்து ரேகை கேட்ட சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906இல் இந்தியர்களிடம் விரல்ரேகை கேட்ட சட்டத்தை எதிர்த்துதான் காந்தியின் சத்தியாகிரகமே தொடங்கியது. அந்தச் சட்டத்திலிருந்து பெண்களை விட்டுவிட்டார்கள். சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணைத் தனி ஆளாக எண்ணவில்லை. அவள் யாருடைய மனைவி என்பதே போதும். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றம், ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில், கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்றதும் அந்தப் பெண்களின் அடையாளம் ஒரே நாளில் ஆவியாயிற்று. அதன் பிறகுதான் பெண்கள் சிறை சென்றார்கள். காவிரிக் கரைத் தில்லையாடியின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த வள்ளியம்மை, சிறையில் நோயுற்று, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. கணவன் வழியாகப் பெண்ணை அடையாளம் காண்பது நூறாண்டுகளுக்கு முந்தைய அநீதி என்று நினைத்தோம். பெண்களின் ஓடிபி இன்று போய்ச் சேரும் முகவரியைப் பாருங்கள்.

மூன்றாவது சான்று, தெரிந்த ஒன்று. வங்கிகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த பாதுகாப்புக் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன? இது ஏன் ரகசியமாக இருக்கும் என்று நம்பினார்கள்? திருமணத்தோடு அந்தப் பெயர் உலகத்துக்கு மறைந்துபோகும் என்பதால். ஒரு பெண்ணின் பெயர் அழிந்துபோவதன் மேல் கட்டிய பூட்டு அது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்து, ஆதாரில் கணவனின் எழுத்து, வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். மூன்று ஆவணத்தில் மூன்று பெண்கள். முஸ்லிம் பெண்களுக்கு இன்னொரு வினை: பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் யார் என்பது. ஃபாத்திமா எஃப்பில் தொடங்குகிறாளா, பி-யில் தொடங்குகிறாளா? பீவி ஒரு பதிவில் பெயரின் பகுதி, இன்னொன்றில் விட்டுப்போனது. பதிவு செய்தவர் தட்டச்சில் விட்ட பிழையை அவள் வாழ்நாள் முழுதும் திருத்தம் என்ற பெயரில் சுமக்கிறாள். இதே நாகூரிலிருந்து 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலைத் தன் பெயர் போட்டு வெளியிட்டவர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளியில் சில வகுப்புகளே படித்தவர், உ.வே. சாமிநாதையர் அந்த நூலுக்கு முன்னுரை தந்தார். பெண் தன் பெயரை அச்சில் போடுவதே துணிச்சலாக இருந்த காலத்தில் போட்டார். அவருடைய பேத்திகளின் காலத்தில், ஓர் எழுத்து மாறியதால் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பங்கள் திரும்பிவருகின்றன.

இனி எதிர்வாதங்கள். அவற்றைத் தவிர்க்கப்போவதில்லை.

போலிகளைத் தடுக்க வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். இறந்தவர் பெயரில் அரிசி எடுத்தவர்கள் இருந்தார்கள். ஏழைப் பெண்ணின் பங்கைத் தின்றவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் திருட்டைச் செய்தவர்கள் பெரும்பாலும் வரிசையில் நின்ற பெண்கள் அல்லர், பதிவேட்டை வைத்திருந்தவர்கள். எடை குறைப்பவரை விரல்ரேகை பிடிக்காது. அரிசி சந்தைக்குப் போவதை ஓடிபி நிறுத்தாது. கண்காணிப்பு முழுவதும் வாங்குபவள் பக்கம் திரும்பியிருப்பது ஏன்?

பழைய முறை மட்டும் பெண்ணுக்கு நியாயமாக இருந்ததா என்கிறார்கள். இல்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினக் கரையில் காகிதம் எல்லாம் கடலோடு போயின. யார் எந்த வீட்டார் என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னது, நிவாரணம் நடந்தது. ஆனால் அந்தப் பஞ்சாயத்துகளில் ஆண்களே இருந்தார்கள். தனித்து வாழ்ந்த பெண்ணும் தலித் குடும்பமும் அந்தப் பட்டியல்களில் எவ்வளவு எளிதாக விட்டுப்போயின என்பது இந்தக் கரையில் தெரியாத கதை இல்லை. ஊர் சொல்லும் சாட்சி இனிமையானது என்று நான் கனவு காணவில்லை. உரிமைத் தொகை நேராக அவள் கணக்குக்கு வருவது, யார் கையையும் பார்க்காமல் வருவது, பெரிய மாற்றம். அந்த மாற்றத்தை முழுதாக்கத்தான் கேட்கிறேன். கணக்கு அவளுடையது என்றால் அதன் சாவியும் அவளுடையதாக இருக்க வேண்டும்.

கணவரிடம் கேட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்கிறார்கள். இது பழைய கேள்வி. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததும் ஏறத்தாழ இதுதான். மகன் பெயரில் பத்திரம் வாங்கத் தாய் இட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்றது. தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில் தாயும் காப்பாளரே என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. தந்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் என்ன குறைந்திருக்கும் என்று அன்றும் கேட்டிருப்பார்கள். கேட்டு வாங்க வேண்டியது சலுகை. கேட்காமல் கிடைப்பதுதான் உரிமை.

தமிழில் ஆள் அடையாளமும் பொருள் அடையாளமும் பற்றிய மிகப் பெரிய வழக்கை நடத்தியவள் ஒரு பெண். பொற்கொல்லன் சொன்னான், அரசன் சரிபார்க்காமல் நம்பினான், கோவலன் கொல்லப்பட்டான். கண்ணகி மறுசரிபார்ப்பு கேட்டாள். தன் சிலம்பில் மாணிக்கம் என்று முதலில் சொன்னாள்; தங்கள் சிலம்பில் முத்து என்றான் அரசன். பிறகு எல்லார் முன்னும் உடைத்துக் காட்டினாள். காட்சியின் சோகத்தை நாம் வகுப்பறைகளில் நிறையப் பேசிவிட்டோம். அதன் நடைமுறையைப் பேசவில்லை. தவறாகத் தீர்ப்புச் சொன்னவனை நேரில் கேட்க அவளுக்கு ஒரு வாசல் இருந்தது. சான்றைத் திறந்து பார்க்க முடிந்தது. தவறு யாருடையது என்று சொல்ல ஒரு முகம் இருந்தது. இன்று ரேஷன் கடையில் நிற்பவளுக்கு இந்த மூன்றும் இல்லை. மதிப்பெண் என்ன, எல்லை என்ன, எத்தனை புள்ளி குறைந்தது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கடைக்காரர் இயந்திரத்தைக் காட்டுகிறார். இயந்திரம் சர்வரைக் காட்டுகிறது. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம்.

ஒவ்வொரு பெண்ணின் ஆதாரும் அவளே வைத்திருக்கும் எண்ணோடு இணைய வேண்டும். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். பெண்களுக்கு இதைக் கட்டணமின்றி, தெருத் தெருவாக முகாம் போட்டுச் செய்யட்டும். தடுப்பூசிக்கு முகாம் போட்ட மாநிலம் இது, முடியாதது ஒன்றுமில்லை.

ஓடிபி ஒரு வழியாக இருக்கட்டும். ஒரே வழியாக வேண்டாம். கைபேசி இல்லாத, ரேகை விழாத பெண்ணுக்கு, அவளை அறிந்த அங்கன்வாடி ஊழியரோ கிராம நிர்வாக அலுவலரோ கையெழுத்திட்டு உறுதிசெய்யும் வழி எல்லாச் சேவையிலும் இருக்க வேண்டும்.

மறுத்தால் எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எந்தக் கடை, எந்தக் காரணம். "நாளைக்கு வா" என்பதும் மறுப்பாகவே பதிவாக வேண்டும். தோல்விகளை ஆண் பெண் பிரித்து, கடை வாரியாக வெளியிட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் சமூகத் தணிக்கைக்கு இடம் தந்திருக்கிறது; அதை இந்த இயந்திரத்தின் மேலும் நடத்த வேண்டும்.

கடைசியாக, ஓடிபியைத் தர மறுப்பது வன்முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார வன்முறையை வரையறுக்கும்போது, பெண்ணுக்கு உரிய வளங்களைத் தடுப்பதையும் சேர்த்திருக்கிறது. கைபேசியை அணைத்துவைத்து மகளின் உதவித்தொகையைத் தடுத்த தந்தை செய்ததும் அதுதான். பாதுகாப்பு அலுவலர்களும் வழக்குரைஞர்களும் இந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. அம்மாவின் ஆதார் எந்த எண்ணோடு இணைந்திருக்கிறது என்று இன்று இரவு கேளுங்கள். பாட்டியுடையதையும் கேளுங்கள். உங்களுடையதைப் பாருங்கள், உங்களில் பலருக்கு அது இன்னும் அப்பாவின் எண்ணாகவே இருக்கும். அப்பா அன்பானவர் என்பது இதற்குப் பதில் ஆகாது. விடுமுறை நாளில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மாற்றுங்கள். மாற்றிய பிறகு முதல் ஓடிபி வரும்போது, எடுத்துப் படித்து நீங்களே தட்டிவிடாதீர்கள். அம்மாவே படிக்கட்டும். மெதுவாகப் படித்தாலும் பத்து நிமிடம் இருக்கிறது.